அடுக்களை வாசலின் இருட்டு

ஒக்கலிபுரத்து இரயில் பாலத்தை ஒட்டிய சந்தில் இருக்கும் ஜோதி கலர் லேபில், இருபத்திரண்டு ஆண்டுகளாக எலிசபெத்தின் விரல்களைத் தாண்டாமல் ஒரு முகமும் வெளியே போனதில்லை. கல்யாணப் பெண்ணாயினும், அடையாள அட்டைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்ட பள்ளிப்பிள்ளையாயினும், மாலை சூடிச் சுவரில் தொங்கவிருக்கும் காலஞ்சென்ற பெரியவராயினும், எல்லாரும் முதலில் அவளுடைய திரையில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். அவள் ஒவ்வொரு முகத்தையும் ஒரு நொடி பார்ப்பாள். பிறகு வலக்கையின் மோதிரவிரல், விசைப்பலகையின் ஓரத்தில் இருக்கும் அடர்த்தி விசையை இரண்டு முறை தட்டும். முகம் இரண்டு படி வெளுக்கும். அடுத்த முகம் வந்து நிற்கும்.

"மைனஸ் ரெண்டு போட்டா கஸ்டமர் திரும்ப வருவான் எலிசபெத்தம்மா. போடலேன்னா படம் திரும்ப வரும்" என்று கடை உரிமையாளர் சுந்தரமூர்த்தி, அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரே ஒரு முறை சொன்னார். மறுமுறை சொல்லும் தேவை அவருக்கு ஏற்படவில்லை. நாளடைவில் அது, வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதைப் போன்ற மரியாதையாகவே அவள் கையில் படிந்துவிட்டது. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டபின் கணவன் குணசேகரோடும் கைக்குழந்தையோடும் ஸ்ரீராம்புரத்துக்குக் குடிவந்தவளுக்கு, இந்த நகரத்தில் பெயர் வாங்கிக்கொடுத்தது அந்தக் கைதான். "கலர்னா எலிசபெத்" என்று மல்லேஸ்வரத்து ஸ்டுடியோக்காரர்கள்கூடச் சொல்வதுண்டு. அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தில் மாற்றம் ஏதும் தெரியாது. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போவாள்.

மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, தோளில் பையும் கையில் சொட்டும் குடையுமாக ஒரு பெண் படியேறி வந்தாள். நல்ல கருப்பு நிறம். சுருண்ட முடியைச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னிப் பிடரியில் சேர்த்துக் கட்டியிருந்தாள். சுந்தரமூர்த்தி எழுந்து நின்று, தம்மிடமிருந்த ஆங்கிலத்தைத் தேடி எடுத்தார்.

"யெஸ் மேடம்! விச் கன்ட்ரி?"

"யல்லாப்பூர் சார்."

அது ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம் என்று அவர் யோசிப்பதைக் கண்டு, "சிர்சி பக்கம். மெஜஸ்டிக்ல பஸ் ஏறினா ஒம்பது மணி நேரம்" என்று அவளே தமிழில் சொல்லி முடித்தாள். நீலசந்திராவில் ஆறு ஆண்டுகளாகக் குடியிருப்பவள் என்பதால் அவளுக்குக் கன்னடம் கலந்த தமிழ் தண்ணீர்பட்டபாடாக வந்தது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, வடகன்னடத்துக் காடுகளில் வேரூன்றிவிட்ட சித்தி இனத்தவள். ரசீதில் எழுதுவதற்காகச் சுந்தரமூர்த்தி பெயரைக் கேட்டார்.

"பிலோமினா சித்தி."

"சித்தியா? என் மகளை விடக் கொஞ்சம் பெரியவங்களா இருப்பீங்க. நான் எப்படிம்மா சித்தின்னு கூப்பிடறது?"

"கூப்பிடுங்க சார். கால்ல மட்டும் விழ பேடா, வேணாம்."

திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எலிசபெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிலோமினா ஒரு புகைப்படக் கலைஞர். சனிக்கிழமை மாலை வசந்தநகரில் ஒரு கூடத்தில் அவளுடைய கண்காட்சி திறக்கவிருந்தது. நாற்பது படங்கள்; பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவு. கண்காட்சிக்கென்று உயர்ந்த ரகத் தாள் வரவழைத்துத் தருவதாகச் சுந்தரமூர்த்தி சொன்னதை அவள் ஏற்கவில்லை. கல்யாண ஆல்பத்துக்குப் போடும் அதே தாள்தான் வேண்டும் என்றாள்.

"எல்லார் வீட்டுக் கல்யாணமும் எந்தப் பேப்பர்ல இருக்கோ, இவங்களும் அதுலயே இருக்கட்டும் சார். முதல்ல ஒண்ணு போட்டுக் காட்டுங்க. சரியா வந்தா நாப்பதும் உங்களுக்குத்தான்."

அந்த ஒரு படம் திரையில் வந்தது. வாடகை வீட்டின் முன்னறையில், மேசையருகே முப்பது வயது மதிக்கத்தக்க ஆப்பிரிக்க இளைஞன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் பாதி உண்ட தட்டு. ஏதோ கதை சொல்கிறான் போலும். கை காற்றில் நிற்கிறது. இடப்பக்கச் சன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிறது. மறுகன்னத்துக்குப் பின்னால் அடுக்களை வாசல், ஒரே இருட்டு. எலிசபெத் ஒரு நொடி பார்த்தாள். மோதிரவிரல் இரண்டு முறை தட்டியது. நான்கு நிமிடத்தில் இயந்திரத்தின் வாயிலிருந்து தாள் வெதுவெதுப்பாக வந்து விழுந்தது.

பிலோமினா அதைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். "அக்கா, இவரு யாரு?"

"நீங்கதானே குடுத்தீங்க?"

"நான் குடுத்தது வேற ஆளு. இவரு அவரோட தம்பி மாதிரி இருக்காரு. டெங்கு வந்து படுத்து எழுந்த தம்பி."

எலிசபெத்தின் காது சூடாயிற்று. "கலர் தப்புன்னு இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

"தப்பு இல்ல அக்கா. மரியாதை பண்ணியிருக்கீங்க, புரியுது. மரியாதை பேடா. அவரு கலரை அவருக்கே குடுத்துடுங்க."

எலிசபெத் இரண்டாம் முறை அடர்த்தியைக் கூட்டிப் போட்டாள். இம்முறை கன்னம் சரியாக வந்தது. ஆனால் வெளிச்சம் படாத பக்கம் முழுவதும் வாசலின் இருட்டோடு கரைந்து, பாதித் தலையோடு அவன் ஒரு குழியிலிருந்து எட்டிப் பார்ப்பவன் போலத் தோன்றினான்.

"கலரு வந்துச்சு, ஆளு காணாம போயிட்டாரு" என்று சிரித்தாள் பிலோமினா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த இருட்டின்மேல் விரலை வைத்தாள். "கருப்புன்னா ஓட்டை இல்ல அக்கா. அதுக்குள்ள எல்லாம் இருக்கு. கதவு இருக்கு, கதவுல ஆணி இருக்கு, இவரு காதுக்குப் பின்னாடி வேர்வை இருக்கு. ஏழு வருஷமா எடுக்கறேன். லேப்ல ஒண்ணு சாம்பல் பூசறாங்க, இல்லேன்னா குழியில தள்ளறாங்க. நீங்க அஞ்சாவது லேப்."

"என்ன எடுக்கறீங்க ஏழு வருஷமா?"

"எங்களத்தான். காங்கோ, உகாண்டா, சூடான்ல இருந்து படிக்க வந்தவங்க, தலைமுடி பின்னறவங்க, ஓட்டப்பந்தயத்துக்குன்னு காட்டுல இருந்து கூட்டிட்டு வந்த எங்க ஊர்ப் பிள்ளைங்க. எல்லாரும் அவங்கவங்க ரூம்ல. தெருவுல எங்களப் பாக்கற கண்ணு ஒண்ணு இருக்கில்ல? அந்தக் கண்ணு உள்ள வராத எடத்துல எடுக்கறேன்." குடையை விரித்துப் பார்த்து மறுபடியும் மடக்கினாள். "வீடு தேடினப்ப பாஸ்போர்ட் கேட்டாங்க. ரேஷன் கார்டு காட்டினேன். எந்த பிரஸ்ல அடிச்சதுன்னு கேட்டாங்க."

எலிசபெத்துக்குத் தன் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. ஸ்ரீராம்புரத்தில் முதன்முதலாக வீடு கேட்டு நின்றபோது, அந்த வீட்டுக்காரர் காகிதம் எதையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அது வேறு கேள்வி. ஆயினும் கேட்பவர் முகத்தில் இருந்த பார்வை ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளைக்கு வரேன் அக்கா. மூணாவது தடவை உங்களுக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா இறங்கிப் போனாள்.

பகலுணவுக்குப்பின் எலிசபெத் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்தப் படத்தோடு உட்கார்ந்தாள். விசையால் ஆகிற காரியமன்று என்பது தெரிந்துவிட்டது. ஆகவே கணினியில், வெளிச்சம் பட்ட பகுதியைத் தொடாமல், நிழலை மட்டும் சிறிது சிறிதாகத் திறந்தாள். முதலில் அவன் காது வந்தது. கழுத்தின் பின்புறத்து மடிப்பு வந்தது. வாசல் நிலை வந்தது. பிலோமினா சொன்னபடியே அதில் ஓர் ஆணியும், ஆணியில் ஒரு துணிப்பையும் இருந்தன. எலிசபெத்துக்குள் ஒரு மகிழ்ச்சி கிளர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு கருப்பை அவள் கையாண்டதில்லை. இன்னும் சற்றுத் திறந்தாள். அடுக்களைத் தொட்டி தெரிந்தது. தொட்டியருகே ஒரு முழங்கை தெரிந்தது.

மேலும் ஒரு படி திறந்தபோது, அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

முடியை அள்ளிக் கிளிப்பால் சொருகியிருந்தாள். கையில் சோப்பு நுரையோடு ஒரு பாத்திரம். முகத்தைப் பாதி திருப்பி, முன்னறையில் இளைஞன் சொல்லும் கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக்காலில் நின்று, மற்றொரு காலின் பாதத்தைக் கெண்டைக்காலில் ஊன்றியிருந்தாள். அப்படி நிற்காதே, விழுவாய் என்று எலிசபெத் அவளிடம் நான்கு வயதிலிருந்து சொல்லிவருகிறாள்.

அது தீபிகா. அவளுடைய ஒரே மகள்.

எலிசபெத் முதலில் செய்த காரியம், திரும்பிச் சுந்தரமூர்த்தி எங்கே இருக்கிறார் என்று பார்த்ததுதான். அவர் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். திரையைச் சற்றே தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

தீபிகா ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அலுவலகத்துக்கு அருகில் பெண்கள் விடுதியில் இருப்பதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். ஞாயிறுதோறும் தவறாமல் வந்து, சபைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவாள். கழுவமாட்டாள். இங்கேயோ கழுவிக்கொண்டிருந்தாள். விருந்துக்குப் போன பெண் பாத்திரம் கழுவுவதில்லை; ஒப்புக்குக் கழுவினாலும், வெறுங்காலோடு, தலையை அள்ளிச் சொருகிக்கொண்டு, இத்தனை சாவகாசமாகக் கழுவுவதில்லை. எலிசபெத் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது அவள் மகளுடைய வீடாகவும் இருந்தது.

சனிக்கிழமை மாலை இந்தப் படம் சுவரில் தொங்கும். வருகிறவர்கள் கைபேசியில் எடுப்பார்கள். அங்கிருந்து அது எங்கெல்லாம் போகும் என்பதை யார் அறிவார்? குணசேகரின் தங்கை சின்னத்தாயின் மகன் ரகு, உலகத்தில் போடப்படும் எல்லாப் படங்களையும் பார்க்கிறவன். சின்னத்தாய் பார்த்தால் சபை முழுவதும் பார்த்தது போல. அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை எலிசபெத் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவர்கள் பிறரைப் பற்றிப் பேசியபோது அவளும் உடன் உட்கார்ந்திருந்தவள்தான். சென்ற ஆண்டு ஹென்னூர் பேருந்தில், ஓர் ஆப்பிரிக்க மாணவனுக்குப் பக்கத்தில் இருந்த காலி இருக்கையில் உட்காராமல், கால் வலியோடு ஐந்து நிறுத்தம் நின்றுகொண்டே போனவளும் அவள்தான். அந்த மாணவன் சன்னலோரம் நகர்ந்து இடம்விட்டுப் பார்த்தான். பிறகு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டான்.

தொழில் பழக்கத்தால் அவள் கை சும்மா இருக்கவில்லை. சுட்டியை அந்த இளைஞனின் நிழல்பட்ட கன்னத்தில் வைத்து நிற அளவைப் பார்த்தாள். பிறகு தீபிகாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே ஆறு எண்கள்தாம் வித்தியாசம். அவள் சரிசெய்த எத்தனையோ கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இடையே இதைவிட அதிகம் இருந்திருக்கிறது. அதற்காக அவள் மனம் ஆறிவிடவில்லை. ஆறு எண்ணை வைத்துக்கொண்டு சின்னத்தாயிடம் வாதாட முடியாது.

எனவே திறந்ததை மூடினாள். தொட்டி போயிற்று, முழங்கை போயிற்று, சிரிப்பு போயிற்று. இளைஞனின் காதை மட்டும் காப்பாற்றிக்கொண்டு பின்னாலிருப்பதை மறைக்க எவ்வளவோ முயன்றாள். அவன் காதையும் கழுத்தையும் ஒட்டியே அவள் தெரிந்ததால், எங்கே கோடு கிழித்தாலும் வெட்டி ஒட்டியது போலத் தெரிந்தது. கடைசியில் இரண்டையும் சேர்த்தே இருட்டில் விட்டாள்.

மறுநாள் பிலோமினா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

"கன்னம் அருமையா வந்திருக்கு அக்கா. இப்படி யாரும் போட்டதில்ல. ஆனா காதைச் சாப்பிட்டுட்டீங்களே!"

"அங்க ஒண்ணும் இல்லம்மா. இருட்டுதான்."

"இருந்துச்சே. நான் அந்த ரூம்ல நின்னேனே."

எலிசபெத் தாளின் ஓரத்தைச் சரிசெய்தபடி, குரலை வெறுமையாக வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த வீட்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"ஒரு பொண்ணு இருந்தா. படம் வேணாம் அக்கா, எங்க வீட்ல தெரியாதுன்னு சொல்லிட்டு கிச்சனுக்குள்ள போயிட்டா. உங்க ஊர்ப் பொண்ணுதான், தமிழ். பயங்கரமா மீன் குழம்பு வெச்சா. நம்ம இம்மானுவேல் ரெண்டு தட்டு சாப்பிட்டாரு."

"யாரு இம்மானுவேல்?"

"இவருதான்." பிலோமினா படத்தைத் தொட்டுக் காட்டினாள். "உகாண்டா. மருந்துப் படிப்பு முடிச்சிட்டு இங்கயே ஆராய்ச்சி பண்றாரு."

வாயில் நுழையாத ஒரு பெயரை எதிர்பார்த்திருந்த எலிசபெத் திகைத்துப்போனாள். அந்தப் பெயரில் அவர்கள் சபையில் மட்டும் ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவர் காணிக்கைப் பை நீட்டுகிறவர்.

"இன்னிக்கு மிச்ச முப்பத்தொம்பதையும் போட ஆரம்பிங்க" என்று பிலோமினா எழுந்தாள். "இது நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள வரலேன்னா விட்டுடறேன். அரை மூஞ்சியோட அவரைச் சுவத்துல மாட்ட மாட்டேன். பாவம், அவங்க அம்மாவை வீடியோ கால்ல கூப்பிட்டு என் படம் தொங்குதுன்னு காட்டப்போறேன்னு சொல்லிட்டு இருக்காரு."

அன்று முழுவதும் எலிசபெத் முப்பத்தொன்பது முகங்களைத் திறந்தாள். தலைபின்னும் பெண்ணின் விரல்நகங்கள், கட்டிலில் குப்புறப்படுத்து மடிக்கணினியில் படம் பார்க்கும் இரு சகோதரிகள், ஓட்டப் பயிற்சி முடிந்து தரையில் மல்லாந்து கிடக்கும் சித்திப் பையன் என எதையும் அவள் இரண்டு படி வெளுக்கவில்லை. அவர்களில் ஒருவர்கூட அவளுடைய கண்ணைப் பார்த்துக் கூசவில்லை. வீட்டில் இருப்பவர்கள் கூசவேண்டியதில்லை என்பது போல இருந்தார்கள். மாலையில் கைபேசியை எடுத்து, நாளை மதியம் கடைக்கு வா என்று மகளுக்கு ஒரு வரி அனுப்பினாள்.

வியாழக்கிழமை மதியம் தீபிகா வந்தாள். சுந்தரமூர்த்தி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். எலிசபெத் அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய், மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்தாள். மூடியது ஒன்று, அன்று காலையில் முழுவதும் திறந்து போட்டது மற்றொன்று.

தீபிகாவின் கண் இரண்டாவது தாளில் நின்றது. கையிலிருந்த பை மெல்லத் தரைக்கு இறங்கியது.

"அங்க ஒண்ணுமே தெரியாதேம்மா. பிலோமினாக்கா அனுப்பினதை நான் ஃபோன்ல பாத்தேன். வெறும் கருப்பு."

"ஃபோன்ல பாத்தா தெரியுமா? லேப்ல பாக்கணும்."

"எப்படி நான்தான்னு..."

"நிக்கிற லட்சணத்துல." எலிசபெத் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

"பாத்திரம் கழுவறதா?"

"அம்மா!"

"வீட்ல ஒரு டம்ளர் கழுவினதில்ல நீ."

"அவன் சமைச்சா நான் கழுவணும், நான் சமைச்சா அவன் கழுவணும். அதான் ரூல். அன்னிக்கு கெஸ்ட் வந்ததால ரெண்டும் என் தலையில."

"ஹாஸ்டல்னு சொன்னியே."

தீபிகா காலால் பையை மேசைக்கடியில் தள்ளினாள். எலிசபெத்தின் குரல் எழுந்தது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன, உன்னை வெட்டியா போட்டிருப்பேன்?"

"சொன்னா என்னம்மா பண்ணியிருப்ப? நீ பெத்த பொண்ணு, எனக்கே பத்தாங்கிளாஸ் ஃபோட்டோல இருந்து மைனஸ் ரெண்டு போட்டவ நீ. விசாவுல இருக்கறது நான்தானான்னு ஏர்போர்ட்ல அரை மணி நேரம் பாத்தான் தெரியுமா? இம்மானுவேலுக்கு எத்தனை மைனஸ் போடுவ?"

எலிசபெத் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தின் மருந்துத் தொட்டி சலசலப்பதைக் கேட்டபடி இருந்தாள். வெளியே பாலத்தின்மேல் ஒரு வண்டி போனது.

பிறகு தீபிகா குனிந்து, மூடிய தாளைக் கையில் எடுத்தாள். "இதைக் குடுத்துடும்மா. இதுல நான் இல்ல. இப்ப வேணாம். அப்பாகிட்ட நானே மெதுவா சொல்லிக்கறேன். டிசம்பர்ல சொல்றேன்."

எலிசபெத் இரண்டு நாளாக வேண்டிக்கொண்டது இதுவேதான். மகளின் வாயாலேயே அது வந்துவிட்டது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். தாளை உறையிலிட்டு அனுப்பிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வரும். அவள் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினாள். வாங்கியவள், வேறு யாருடைய வேலையையோ சரிபார்ப்பவள் போல, அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"காதைப் பாரு" என்றாள்.

"எந்தக் காதை?"

"அதான். இல்ல. கழுத்தும் இல்ல. பொம்மைக்குத் தலை ஒட்டின மாதிரி இருக்கு." தாளை மேசைமேல் போட்டாள். "உன்னை மறைக்கணும்னா அவன் பாதி மூஞ்சியையும் சேத்து முழுங்க வேண்டியிருக்கு. நடுவுல எங்கயாவது கோடு விழுமான்னு ரெண்டு நாளா பாத்தேன். விழல. இது கெட்ட பிரின்ட். இதை நான் வெளிய அனுப்ப மாட்டேன்."

"அம்மா, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே! அவன் அம்மா அங்க இருந்து ஃபோன்ல பாக்கப்போறா. பையனைப் பெத்தவ, அரை மூஞ்சியப் பாத்து என்ன நினைப்பா? எந்த லேப்காரி இப்படிப் போட்டான்னு கேக்க மாட்டா?"

தீபிகா தாயை வியப்போடு பார்த்தாள். எலிசபெத்துக்கே தன் வாயிலிருந்து வந்த சொற்கள் வியப்பாக இருந்தன. எனினும் சொல்லிவிட்ட பிறகு அவை சரியாகத்தான் பட்டன.

"உன் மூஞ்சி, உன் இஷ்டம்" என்று தொடர்ந்தாள். "வேணாம்னா படமே வேணாம்னு பிலோமினாகிட்ட சொல்லு, எடுத்துடுவா. நல்ல பொண்ணு, ஏன்னு கேக்க மாட்டா. ஆனா போடறதா இருந்தா இதுதான்." திறந்த தாளை முன்னால் நகர்த்தினாள். "அவனை எனக்குப் புடிச்சிருக்குன்னு நான் சொல்லல. பாத்ததே இல்ல, எப்படிப் புடிக்கும்? படம் நல்லா வந்திருக்குன்னு சொல்றேன். இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு நான் போட்டதில்ல."

தீபிகா வெகுநேரம் குனிந்து பார்த்தாள். நுரைபடிந்த தன் கையை, வெறுங்காலை, எதிரிலிருப்பவனின் காதுக்குப் பின்னால் மினுங்கும் வேர்வையை, அதற்கப்பால் தன் சிரிப்பை.

"நான் இவ்ளோ கருப்பாம்மா?"

"ஆமா."

"நீ சொன்னதே இல்லையே."

"நான் எங்க பாத்தேன்?" என்றாள் எலிசபெத்.

தீபிகா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். "அப்பா என்ன பண்ணுவாரு?"

"தொப்புன்னு விழுவாரு. அப்புறம் எழுந்திருப்பாரு."

"சின்னத்தாய் அத்தை?"

"அவ எழுந்திருக்க மாட்டா."

தீபிகாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாக மாறப் பார்த்ததை விழுங்கிக்கொண்டாள். கைபேசியை எடுத்து, கதவருகே போய், தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் யாரோடோ பேசினாள். "என் அம்மா" என்று பொருள்படும் சொல் இரண்டு மூன்று முறை வந்தது. திரும்பி வந்தபோது முகம் வெளிறியும் உறுதியாகவும் இருந்தது. பிலோமினாவுக்கும் ஒரு செய்தி அனுப்பினாள்.

"போடும்மா" என்றாள்.

எலிசபெத் தலையசைத்தாள். கணவனின் எண்ணை அழுத்தினாள். குணசேகர் யஷ்வந்தபுரத்தில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வேலை நேரத்தில் மனைவி அழைத்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே எண்ணுகிறவர்.

"ஏங்க, பதறாதீங்க, யாருக்கும் ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை சாயந்தரம் வேலை எதுவும் வச்சுக்காதீங்க. வெள்ளைச் சட்டைய இஸ்திரிக்குக் குடுங்க."

"யாருக்குக் கல்யாணம்?"

எலிசபெத் மகளைப் பார்த்தாள். மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் இல்ல. ஒரு பெரிய ஹால்ல நம்ம தீபிகா படத்தை மாட்டறாங்க. நான் போட்ட பிரின்ட்."

"அட!" குணசேகரின் குரலில் மகிழ்ச்சி பொங்கியது. "நல்லா விழுந்திருக்காளா?"

"நல்லா விழுந்திருக்கா. தனியா இல்ல. கூட ஒருத்தர் இருக்காரு."

"ஒருத்தர்னா?"

"இம்மானுவேல்னு பேரு."

"எந்த இம்மானுவேல்? ஆண்டர்சன்பேட்டை டீச்சர் மகனா?"

"இல்ல. இவரு வேற" என்றாள் எலிசபெத். "ராத்திரி சாப்பிட்ட பிறகு சொல்றேன். படத்தையும் கொண்டுவந்து காட்டறேன். முழுசா பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

மறுமுனையில் கிடங்கின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வைத்துவிடவில்லை. அவளும் வைத்துவிடவில்லை.